கட்டை நீங்கலாக

அந்த விலங்குப் பூங்காவில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. கிராம் அக்கா என்று கேட்டால் வாசல் காவலாளிகூட எழுந்து நின்று வழி சொல்வார். சிங்கத்துக்கும் கரடிக்கும் கிலோக் கணக்கில் பேசுகிற இடத்தில் இருபது வருடமாக கிராம் கணக்கில் பேசிக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். பேசிக்கொண்டிருந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள் என்பதே சரி.

அவள் வேலை பார்த்தது இருட்டுக்கூடத்தில். இரவில் விழித்துப் பகலில் தூங்கும் பிராணிகளைப் பகலில் வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டுமே, அதற்காக அங்கே பொழுதையே புரட்டிப் போட்டிருந்தார்கள். காலை எட்டு மணிக்கு வெள்ளை விளக்குகளை அணைத்துவிட்டு மங்கலான சிவப்பு பல்புகளைப் போடுவார்கள். சாயங்காலம் திரும்ப வெள்ளை விளக்கு. பிராணிகளும் பாவம், விடிந்துவிட்டது என்று நம்பிப் படுத்துக்கொள்ளும். அந்த பல்பு வெளிச்சத்தில் சிவப்பு மையால் எழுதினால் வெள்ளைத் தாளில் எழுத்தே தெரியாது. அதனால் பதிவேட்டை நீல மையில்தான் எழுத வேண்டும் என்று புதிதாக வருகிற யாருக்கும் முதல் நாளே சொல்லிவிடுவாள். இருபது வருடம் பகலை இருட்டில் கழித்ததில் வெளியே வந்தால் அவளுக்குக் கண் கூசும். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் யாரோ செத்துப்போனதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

கூடத்தின் ஏழாவது கண்ணாடி அறையில் இருந்தது தேவாங்கு. ஒல்லியாக, கண் மட்டும் பெரிதாக இருக்கிறவர்களைத் தேவாங்கு என்று கேலி செய்கிறோமே, அந்தத் தேவாங்கேதான். மழைக்காட்டுப் பிராணி. உடம்பு ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட, வால் கிடையாது, கையும் காலும் குச்சி குச்சியாக இருக்கும். எடை இருநூற்று அறுபது கிராம், கிட்டத்தட்ட ஒரு மாம்பழம். அதை மகராசி என்று கூப்பிடுவாள் கிராம் அக்கா. மகராசி எதற்கும் அவசரப்படாது. ஒரு கையை நீட்டி அடுத்த கிளையைப் பிடிப்பதற்குள் நமக்குக் கொட்டாவி வந்துவிடும்.

கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பலகை. அதில் வெள்ளை எழுத்தில் தேவாங்கைப் பற்றி நாலு வரி. நாலாவது வரி இது: நீளம் 25 செ.மீ., எடை 1,400 கிராம். ஒரு சாண் பிராணி ஒன்றரைக் கிலோவை நெருங்க வேண்டுமானால் அதை இரும்பில்தான் வார்க்க வேண்டும். பலகை வந்த வாரமே கிராம் அக்கா அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். பதில் இல்லை. பதினோரு வருடத்தில் பதினான்கு கடிதம் எழுதினாள். ஏதோ புத்தகத்தில் வேறு பிராணியின் எடையைப் பார்த்து எழுதித் தொலைத்திருக்கிறார்கள் என்பது அவள் முடிவு. ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும், ஒவ்வொரு நாளும் பற்றிக்கொண்டு வரும்.

மகராசியை எடை போடுவது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. தேவாங்கைத் தூக்கித் தராசில் வைத்தால் உட்காராது, நம் விரலைப் பிடித்தால் விடாது. எதையாவது பற்றிக்கொண்டால்தான் அதற்கு உயிர். அதற்காக ஒரு கவட்டைக் கட்டை வைத்திருந்தாள். முதலில் கட்டையை மட்டும் தராசில் நிறுத்துவாள். பிறகு உச்சியில் ஒரு வெட்டுக்கிளியைச் செருகுவாள். மகராசி யோசித்து யோசித்து ஏறி, வெட்டுக்கிளியைப் பிடித்து மெல்லும்போது மறுபடி எடை பார்ப்பாள். பதிவேட்டில் மூன்று கட்டம்: மொத்தம், கட்டை, மீதி. புதுத் தராசு வந்த பிறகு கட்டையை வைத்து ஒரு பொத்தானை அமுக்கினால் சைபர் காட்டும், கழிக்கிற வேலை மிச்சம்.

வீட்டில் அவள் புருஷன் நேர் எதிர். அவர் நெடுஞ்சாலையோரம் எடைமேடை பார்க்கிறவர். லாரிகளை அப்படியே ஏற்றி எடை போடுகிற மேடை அது, பத்து கிலோவுக்குக் குறைந்த எதுவும் அதன் கண்ணுக்குத் தெரியாது. மகள் பிறந்தபோது எத்தனை கிலோ என்று கேட்டவர்களுக்கெல்லாம் இரண்டு கிலோ எண்ணூற்றுப் பத்து கிராம் என்று இவள் சொல்ல, மூன்று என்று சொல்லிவிட்டுப் போயேன், என்ன குடி முழுகிவிடும் என்று அவர் அலுத்துக்கொண்டார். அந்த மகளே கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்டாள். அந்தச் சண்டை மட்டும் இன்னும் வீட்டில் இருக்கிறது.

விஷயம் ஆரம்பித்தது மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின வாரம் மகராசி இருநூற்று அறுபத்திரண்டு. அன்றைக்கு இருநூற்று ஐம்பத்தெட்டு. சரி, போகட்டும் என்று விட்டாள். அடுத்த வாரங்களில் ஐம்பத்தொன்று, நாற்பத்து நாலு, முப்பத்தாறு. ஐந்தாவது செவ்வாய் இருநூற்று இருபத்தெட்டு. வெட்டுக்கிளியை ஆசையாகத்தான் எடுத்தது. எடுத்து, வாயின் இடது பக்கம் கொண்டுபோய், வைத்து, ஒரு கணம் அப்படியே இருந்து, கீழே போட்டுவிட்டது. வலது பக்கம் மாற்றிக் கொஞ்சம் நக்கியது. 

டாக்டர் வாரத்தில் மூன்று நாள் வருவார், வந்தால் பெரிய பிராணிகளுக்கே நேரம் போதாது. நின்றபடியே கேட்டார்.

"முப்பத்தி நாலு கிராம் ஒரு குறையாம்மா? தராசே அவ்வளவு முன்னப்பின்ன காட்டும்."

அவள் இருநூறு கிராம் எடைக்கல்லைக் கொண்டுவந்து அவர் கண் முன்னாலேயே தராசில் வைத்தாள். இருநூறு என்று காட்டியது. அறுபது கிலோ ஆள் ஐந்து வாரத்தில் எட்டு கிலோ இளைத்தால் சும்மா இருப்பீர்களா, இதுவும் அதே கணக்குதான், இடது பக்கத்துப் பல்லாக இருக்கும், மயக்க மருந்து கொடுத்து வாயைத் திறந்து பாருங்கள் என்றாள். கிழட்டுப் பிராணிக்கு மயக்க மருந்து கொடுப்பது விளையாட்டில்லை, அலுவலகத்து உத்தரவு வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவர் கரடியைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்றே கடிதம் எழுதினாள். எட்டு மாதத்துக்கு முன்னால் வந்திருந்த உதவி இயக்குநர் கையால் எழுதின எதையும் படிக்க மாட்டார் என்று கேள்வி, ஆகவே தட்டச்சு செய்து கொடுத்தாள். ஐந்து வாரமாக எடை குறைந்துகொண்டே வருகிறது, இப்போது 228 கிராம், உடனே சிகிச்சைக்கு உத்தரவு தேவை. இருபது வருடத்தில் முதல் முறையாக அவள் கடிதத்தை ஒருவர் கடைசி வரை படித்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

உதவி இயக்குநர் வந்ததும் முதல் காரியமாக ஒவ்வொரு பிராணிக்கும் ஓர் உடல்நிலை அட்டை போட்டிருந்தார். எடைக்கு எங்கே போவது? கூண்டுக்குக் கூண்டு பலகை இருக்கிறதே, அதைப் பார்த்து நிரப்பச் சொல்லியிருந்தார். அட்டையில் தேவாங்கின் எடை 1,400. கடிதத்தில் 228. கழித்துப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயிரத்து நூற்று எழுபத்திரண்டு கிராம் காணாமல் போயிருக்கிறது. பிராணியைப் பட்டினி போட்டிருக்கிறாள், இல்லையென்றால் தீனி வேறெங்கோ போகிறது என்று முடிவு கட்டினார். பலகை தப்பு என்று அவள் சொன்னாள். பதினோரு வருடமாக ஆயிரக்கணக்கானவர்கள் படித்துப் போன பலகை தப்பு, நீங்கள் மட்டும் சரியா என்று கேட்டார். பதினான்கு கடிதம் எழுதியிருக்கிறேன் என்றாள். அவை எங்கே என்று கேட்டார். அது அவருக்குத்தானே தெரிய வேண்டும்.

மறுநாள் உத்தரவு வந்தது, அவள் கேட்ட உத்தரவு இல்லை. விசாரணை முடியும் வரை கிராம் அக்கா இருட்டுக்கூடத்தில் காலெடுத்து வைக்கக் கூடாது, தேவாங்குக்குத் தீனி ஐந்து மடங்கு, பிராணி விசாரணையின் சாட்சிப்பொருள் என்பதால் அதுவரை எந்த மருத்துவமும் செய்து அதன் நிலையை மாற்றக் கூடாது. வாய் வலியில் தின்ன முடியாத பிராணிக்கு ஐந்து மடங்கு தீனி. அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் விட்டுவிட்டுக் கிடங்கில் துடைப்பம் எண்ணப் போனாள்.

அவள் இடத்தில் போட்டது கிளிக்கூண்டு பார்த்துவந்த ஆளை, எல்லோருக்கும் கிளியண்ணன். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த, முட்டி வலிக்கார மனுஷன். கிளிகளோடு கத்திக் கத்தியே பழகினவர் அந்த இருட்டில் மூச்சு விடவே பயந்தார். ஆனால் நல்லவர். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிடங்கு வாசலில் வந்து நின்று, கடன்காரனைப் பார்த்தவர் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு இருநூற்று இருபத்து நாலு என்றார். அடுத்த செவ்வாய் பத்தொன்பது. தட்டு நிறைய வைத்தது வைத்தபடியே இருக்கிறது என்றார். கையால் ஊட்டிப் பாருங்கள், வெட்டுக்கிளியை நசுக்கி வலது பக்கமாகக் கொடுங்கள் என்றாள்.  இருநூறுக்குக் கீழே போனால் திரும்பாது என்று அவளுக்குத் தெரியும். கூடிப் போனால் மூன்று செவ்வாய்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் சாப்பிடவில்லை. எங்கிருந்துதான் அந்தப் பாவி ஆயிரத்து நானூறைப் பிடித்தானோ என்று சுவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் வழக்கமாக இந்த கிராம் புராணத்துக்குக் காது கொடுக்க மாட்டார். அன்றைக்கு என்னவோ, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"கட்டையோட எடை எவ்வளவு?"

"எதுக்கு?"

"சொல்லேன். எங்க மேடையில ரசீது எழுதப் புதுசா வர்றவன் எல்லாம் முதல் வாரம் இந்தத் தப்பைத்தான் பண்ணுவான். சரக்கோட வண்டியை நிறுத்துவான், வெறும் வண்டியைக் கழிக்க மாட்டான். மொத்தத்தை அப்படியே சரக்குன்னு எழுதி நீட்டிடுவான்."

அவளுக்குச் சுரீர் என்றது. பலகை வந்த காலத்தில் இருந்தது வேறொரு பழைய கட்டை, மூன்று கட்டமும் எழுதின பதிவேடு. பதினோரு வருடம் மீதி என்கிற மூன்றாம் கட்டத்தை மட்டுமே மனசில் வைத்திருந்தவள், முதல் கட்டத்தை ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. மறுநாள் கிடங்கில் துடைப்பத்தை எல்லாம் தள்ளிவிட்டுப் பழைய பதிவேடுகளைக் குடைந்தாள். பலகை வந்த மாதத்தில் அந்த வரி இருந்தது, அவள் கையெழுத்தில், நீல மையில். மொத்தம் 1,400. கட்டை 1,142. மீதி 258. தேவாங்கைப் பற்றி ஊருக்கே சொல்லும் பலகையில் இத்தனை வருடமாகக் கட்டையும் சேர்ந்து உட்கார்ந்திருந்தது. பழைய கட்டையும் கிடங்கு மூலையிலேயே அகப்பட்டது. அப்பாடா, இனி இரண்டே நிமிஷ வேலை என்று நினைத்தாள்.

விசாரணை வெள்ளிக்கிழமை. உதவி இயக்குநர் அறையில் டாக்டரும் இருந்தார். கிராம் அக்கா கட்டையை மேசையில் வைத்து, பதிவேட்டைத் திறந்து காட்டினாள். உதவி இயக்குநர் முறையான ஆள், எதையும் சோதித்துப் பார்க்காமல் ஏற்க மாட்டார். தராசை வரவழைத்துக் கட்டையை வைத்தார். ஆயிரத்து முப்பத்தாறு. கணக்கு நூறு கிராமுக்கு மேல் இடிக்கிறதே என்றார். மரம் காய்ந்தால் எடை குறையும் என்று அவள் சொன்னாள். அப்படியானால் தேவாங்கும் காய்ந்துதான் குறைந்ததா என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

பிறகு உதவி இயக்குநர் பழைய கோப்பு ஒன்றை எடுத்தார். பலகைக்காரன் எழுத்து வேலை தொடங்கும் முன் சரிபார்க்க அனுப்பின தாள் அதில் இருந்தது. இதைச் சரி என்று சொன்னவர் யார் என்று பாருங்கள் என்று அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

அவள் கையெழுத்து.

நினைவு வந்தது. தாளை யாரோ இருட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்து, நின்றபடி அவசரப்படுத்தினார்கள். சிவப்பு பல்பின் கீழேயே படித்தாள். வால் உண்டு என்று இருந்ததை அடித்து வால் இல்லை என்று எழுதியிருக்கிறாள், அந்தத் திருத்தம்கூட நீல மையில் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் அதே தாளில், கட்டாயம் பார்க்க வேண்டியவை என்று பலகைக்காரன் எண்களை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தான். அந்த வெளிச்சத்தில் அவளுக்கு அவை இருந்ததே தெரியவில்லை. நாற்பது அடி நடந்து வாசலுக்கு வந்து பார்த்திருந்தால் போதும். சோம்பல். எல்லோருக்கும் நீல மைப் பாடம் நடத்துகிறவள், கண்ணுக்குத் தெரியாத எண்ணுக்குக் கீழே சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். பதினோரு வருடமாகத் தினமும் திட்டின பாவி வேறு யாருமில்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது.

சிவப்பு மை கதையைச் சொல்லலாம். பதிவேட்டிலிருந்து தப்பான கட்டத்தை எடுத்து எழுதினது வேறு யாரோ என்றும் சொல்லலாம், அதுவும் உண்மைதான். சொன்னால் பலகைக்காரனைக் கூப்பிடுவார்கள், அன்றைய குமாஸ்தாவைத் தேடுவார்கள், இன்னொரு வெள்ளிக்கிழமை வரும். அவளிடம் அத்தனை வெள்ளிக்கிழமை இல்லை.

"தப்பு என்னோடதுதான் சார். முழுக்க என்னோடது. இப்பவே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். விசாரணை முடிஞ்சுதுன்னு எழுதிக்குங்க. ஆனா டாக்டர் இன்னைக்கே அது வாயைத் திறந்து பார்க்கணும். அந்த உத்தரவை முதல்ல எழுதுங்க."

உதவி இயக்குநருக்கு வேண்டியிருந்தது ஓர் ஆள், ஒரு கையெழுத்து, மூடி வைக்க ஒரு கோப்பு. மூன்றும் ஒரே நேரத்தில் கிடைத்ததும் அவருக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. இரண்டு தாளும் எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. இந்த முறை அவள் தன் தாளை ஜன்னலோரம் எடுத்துப்போய், கண்ணாடி போட்டு, ஒவ்வொரு வரியாகப் படித்த பிறகே கையெழுத்திட்டாள்.

மத்தியானம் டாக்டர் மகராசியின் வாயைத் திறந்தார். இடது மேல் கடைவாய்ப் பல் வேர் வரை அழுகி, அடியில் மிளகளவு சீழ் கட்டியிருந்தது. பல்லைப் பிடுங்க நேரம் ஆகவில்லை, மயக்கம் தெளியத்தான் முக்கால் மணி. அதுவரை கிராம் அக்கா மருத்துவ அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், உள்ளே விட மாட்டார்கள். டாக்டர் வெளியே வந்து கையைத் துடைத்தபடி, அன்றைக்கே பார்த்திருக்கலாம் என்றார். ஆமாம் என்றாள்.  அவரைக் கடித்துக் குதற வேண்டும்போல இருந்தது.

திங்கட்கிழமை அவளுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. தவறான தகவல் அளித்து நிர்வாகத்தைப் பதினோரு ஆண்டுகள் திசைதிருப்பியதற்காக, இனி வாசலில் நுழைவுச் சீட்டு வேலை. மூன்று பக்கமும் கண்ணாடி, நாள் முழுக்க வெயில். இருட்டில் பழகின கண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்குமா என்று புருஷன் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். செவ்வாய்தோறும் கிளியண்ணன் முட்டியைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து வருவார். இருநூற்றுப் பதினாறு. அன்றைக்கு இரண்டு பேருக்குச் சில்லறையைத் தப்பாக எண்ணிக் கொடுத்தாள். பிறகு இருபத்து மூன்று. முப்பத்தொன்று. ஒவ்வொரு தடவையும், பொத்தானை அமுக்கிக் கட்டையைக் கழித்தீர்களா என்று கேட்பாள். அவருக்கு முகம் சுண்டிவிடும். கேட்காமல் இருக்க அவளால் முடியாது.

நாலாவது மாதம் புதுப் பலகை வந்தது. பதினோரு வருடம் கெஞ்சியும் வராத பலகை. இந்த முறை தாளை யாரும் அவளிடம் காட்டவில்லை. உதவி இயக்குநரே முன்னின்று, விசாரணைக் கோப்பைப் பக்கத்தில் வைத்து, ஒன்றும் விட்டுப்போகாமல் எழுதினாராம். அன்றிலிருந்து, வெளியே போகிற பத்துப் பேரில் இரண்டு பேராவது சீட்டு ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்கிறார்கள், அந்த தேவாங்குப் பலகையில் ஏதோ கட்டை என்று போட்டிருக்கிறதே, அது என்ன என்று. முதல் வாரம் விளக்கினாள். இரண்டாவது வாரம் உள்ளே போய்க் கேளுங்கள் என்றாள். புருஷன் மட்டும் வந்து பார்த்துவிட்டு, ஒழுங்காக எடை எழுதின பலகை உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று பாராட்டினார்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி டீ இடைவேளையில் ஜன்னலைச் சாத்திவிட்டு, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மற்றவர்களோடு மற்றவளாக இருட்டுக்கூடத்துக்குள் நுழைந்தாள். ஏழாவது அறை முன்னால் ஒரு குடும்பம் நின்றிருந்தது. அப்பா பலகையை வாய்விட்டுப் படித்தார்: நீளம் 25 செ.மீ., எடை 260 கிராம், கட்டை நீங்கலாக.

"கட்டைன்னா என்னப்பா?" என்று கேட்டது பெண் குழந்தை.

தெரியலையே என்றார் அவர். பக்கத்தில் நின்ற கிராம் அக்கா கண்ணாடியை ஒட்டி நகர்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவள் வைக்காத, அவள் எடை பார்க்காத கட்டையின் மேல், மகராசி ஏறி முடித்திருந்தது. கிளியண்ணன் குனிந்து தராசைப் பார்த்தார், நீல மையில் எழுதினார். மகராசி வெட்டுக்கிளியை எடுத்தது. நிதானமாக வாய்க்குக் கொண்டுபோயிற்று. பல் போன அதே இடது பக்கம் வைத்து, கடித்து, மென்று, தலையையும் தின்றது. காலையும் விடவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த இருட்டில் கண் கூசக் காரணம் ஒன்றுமில்லை.